திராவிடோசாரஸ் உண்மையில் டைனோசர்தானா?

கேள்வி: மே 11, 2024

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றுகிறது. முதுகில் இரண்டு வரிசைத் தட்டு, வாலில் முள்ளு, பின்னால் கோயில் கோபுரம். "தமிழர் மண்ணில் வாழ்ந்த டைனோசர், பெயரே திராவிடோசாரஸ்" என்று கீழே எழுத்து. கனடாச் சித்தப்பா தொடக்கம் எல்லாரும் கைதட்டி முடித்துவிட்டார்கள். இது உண்மையா, கட்டுக்கதையா? உண்மையென்றால் யாழ்ப்பாணத்திலும் கிண்டினால் கிடைக்குமா? உயிரியல் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மே 11, இரவு 10.20

பெயர் உண்மை. கோபுரம் பொய். டைனோசர் என்பதும் பொய். 1996இல் சங்கர் சட்டர்ஜி, ருத்ரா என்ற ஆய்வாளர்கள் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்து, அது பிளீசியோசர் என்ற கடல் ஊர்வனவின் உக்கிப்போன எலும்பு என்று எழுதிவிட்டார்கள். பிளீசியோசர் டைனோசர் அல்ல. நாலு காலும் துடுப்பாகிப் போன நீச்சல்காரன். சித்தப்பாவுக்குச் சொல்லிவிடுங்கள். விஷயம் முடிந்தது.

மே 12, காலை

இரவு எழுதியது கொஞ்சம் காரமாகப் போய்விட்டது. புழுக்கத்தில் மின்விசிறியும் இல்லாமல் எழுதினால் அப்படித்தான் வரும். வடிவாகச் சொல்கிறேன்.

1979இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள், அரியலூர்ப் பக்கத்துப் பாறையில் கிடைத்த எலும்புகளை விவரித்து, முதுகில் தட்டு நிமிர்ந்து நிற்கும் ஸ்டெகோசர் வகை டைனோசர் என்று சொல்லி இந்தப் பெயரை வைத்தார்கள். தலையோட்டில் ஒரு பகுதி, அது ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். ஒரு பல். இடுப்புப் பக்கத்து எலும்புகள். சில தட்டுகள், ஒரு முள்ளு. இவ்வளவும் சேர்ந்துதான் திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி. முழு உடம்பு மூன்று மீற்றர் அளவு இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு, அதாவது ஒழுங்கையில் நிற்கும் ஓட்டோவை விடக் கொஞ்சம் நீளம். வாட்ஸ்அப் படத்தில் அது கோபுரத்தின் இரண்டாம் தட்டை எட்டி நிற்கிறது.

பெயரில் இருக்கும் திராவிடம், எலும்பு கிடைத்த தென்னிந்திய நிலப்பகுதியைக் குறிப்பது. ஆட்களைக் குறிப்பதல்ல. 8 கோடியே 90 இலட்சம் தொடக்கம் 8 கோடியே 60 இலட்சம் வருடத்துக்கு முந்திய பாறை அது. அந்த நேரம் தமிழனும் இல்லை, சிங்களவனும் இல்லை, குரங்கும் இல்லை.

பிளான்ஃபோர்டு என்பது 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் நிலவியல் அளவை செய்தவரின் பெயர். அண்ணன் தம்பி இரண்டு பேர், இரண்டு பேரும் 1855இல் அதே வேலைக்கு வந்தவர்கள். ஒரே வீட்டில் இரண்டு கல் பைத்தியம்.

மே 12, மதியம்

தம்பி கேட்ட இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் கிண்டினால் கிடைக்குமா?

கிடைக்காது. எங்கள் காலுக்குக் கீழே இருக்கும் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்துக் கடலடித் தளம். அந்தக் காலம் தொடங்கியதே 2 கோடியே 30 இலட்சம் வருடத்துக்கு முன். டைனோசர்கள் முடிந்தது 6 கோடியே 60 இலட்சம் வருடத்துக்கு முன். ஆக நாங்கள் நாலு கோடி வருடம் பிந்தி வந்த ஆட்கள். யாழ்ப்பாணத்தான் எதற்கும் நேரத்துக்குப் போகமாட்டான் என்று என் மனைவி சொல்வது நிலவியலிலும் சரியாக இருக்கிறது.

தெற்கே போனாலும் பெரிதாக நம்பிக்கை இல்லை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு உயிர்ச்சுவடே தங்காத மிகப் பழைய பளிங்குருப் பாறை. புத்தளம் பக்கம் தப்போவ, ஆண்டிகம ஆகிய இடங்களில் மட்டும் ஜுராசிக் காலப் படிவு கொஞ்சம் இருக்கிறது. அங்கே செடிகொடிகளின் சுவடு எடுத்திருக்கிறார்கள்.

(உயிர்ச்சுவடு என்றுதான் எங்கள் பாடப்புத்தகத்தில் படித்தோம். இந்தியாவில் புதைபடிவம், தொல்லுயிர் எச்சம் என்கிறார்கள். மாறி மாறி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மே 16

கிண்டினால் கிடைக்காது என்று எழுதிவிட்டு நாலு நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. காரணம் எங்கள் வீட்டுக் குசினியில் இருக்கிறது.

எங்கள் அப்பப்பா கோண்டாவில் வளவில் கிணறு வெட்டியபோது கிடைத்தது என்று ஒரு கல் உண்டு. எங்கள் பக்கத்துக் கிணறு தெரியுந்தானே, மண் ஒரு ஆள் உயரம், அதற்குக் கீழே வெடி வைத்துத்தான் இறங்க வேண்டும். அப்படி உடைத்த கல்லுக்குள் இருந்ததாம். தேங்காய்ப் பாதியளவு. ஒரு பக்கம் சுருள் சுருளாகச் சங்கு போல வரி. 1995 ஒக்டோபரில் எல்லாரும் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது அது வீட்டிலேயே கிடந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தால் ஓடும் இல்லை, கதவும் இல்லை, கல் மட்டும் போட்ட இடத்திலேயே இருந்தது. கல்லை யார் தூக்குவான்.

இப்போது மாமி அதை ஊறுகாய்ச் சாடிக்கு மேலே பாரத்துக்கு வைத்திருக்கிறார்.

நான் சொல்ல வந்தது இதுதான். தனியார் கல்வி நிலையத்தில் உயர்தர உயிரியல் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் அந்தக் கல்லைக் கொண்டுபோய் "பிள்ளைகள், இது அம்மோனைற்று" என்று காட்டியவன் நான். அம்மோனைற்று என்றால் சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த, கணவாய்க்கு உறவான கடற்பிராணி. ஏழெட்டு வருடம் காட்டினேன். பிறகு ஒரு நாள் இரவு படுத்துக் கிடக்கும்போது கணக்கு உதைத்தது. அம்மோனைற்றுகள் டைனோசர்களோடு சேர்ந்து அழிந்தவை. மயோசீன் சுண்ணாம்புக்கல்லில் அம்மோனைற்று எப்படி வரும்? வராது. அது ஏதோ கடல் நத்தை விட்டுப்போன அச்சு. அதற்குப் பிறகு கல்லை வகுப்புக்குக் கொண்டுபோகவில்லை. முன்பு பார்த்த பிள்ளைகள் இப்போது மருத்துவர்களாக இருக்கிறார்கள், அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

மே 19

மே 11ஆம் திகதி நான் எழுதிய "விஷயம் முடிந்தது" என்பதைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்கவில்லை, மேலே கிடக்கட்டும்.

கல்லைப் பற்றி எழுதியபின் யோசித்தேன். அம்மோனைற்று என்று ஒரு காலம் சொன்னேன், நத்தை என்று பிறகு சொன்னேன். இரண்டு தரமும் கல்லை வெட்டிப் பார்த்துச் சொல்லவில்லை. திராவிடோசாரசுக்கும் நான் செய்தது அதுதான். யாரோ இரண்டு பேர் சொன்னார்கள் என்று முடித்துவிட்டேன்.

திரும்ப வாசித்தபோது விளங்கியது. சட்டர்ஜியும் ருத்ராவும் முக்கியமாகப் பிடித்தது இடுப்பெலும்பையும் பின்னங்கால் எலும்பையும். அந்த இடத்தில் அவர்களுக்குப் பிளீசியோசர் எலும்புகள் கிடைத்தன. சரி. பிளீசியோசரின் இடுப்பெலும்புகள் அகலத் தட்டையாக, தோசைக்கல் மாதிரி இருக்கும். உக்கி ஓரம் கழன்ற பிறகு அதைத் தட்டு என்று நினைக்க இடமுண்டு. ஆனால் தலையோடு? 2004இல் கால்ட்டன், அப்சர்ச் என்ற இருவர் உலகத்து ஸ்டெகோசர்களை எல்லாம் ஒன்றாக வைத்து எழுதும்போது, இந்தத் தலையோடும் தட்டுகளும் பிளீசியோசருடையவை அல்லவே அல்ல என்றார்கள். திரும்ப ஒருமுறை ஒழுங்காக விவரிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நாலு வருடம் கழித்து, 2008இல், மெய்ட்மென்ட் குழு ஸ்டெகோசர் பட்டியலைப் புதிதாக அலசியபோது திராவிடோசாரசை உள்ளே எடுக்கவில்லை.

இதில் கால்ட்டன் சும்மா ஆள் இல்லை. ஸ்டெகோசர் எலும்போடேயே வாழ்க்கை நடத்தியவர். ஆனபடியால் "பொய்" என்று நான் எழுதியது பிழை. "தகராறு" என்று எழுதியிருக்க வேண்டும்.

மே 19, பின்னேரம்

சுன்னாகத்திலிருந்து ஒரு அக்கா சுருக்கமாகக் கேட்டிருக்கிறார்: "தலை ஒன்றினுடையது, இடுப்பு இன்னொன்றினுடையது என்றால்?"

அக்கா, அதுதான் என் பயமும்.

மே 20

"கடல் பாறையில் கிடைத்தது என்றாலே கடல் விலங்குதானே, இதில் என்ன தகராறு" என்று கேட்பவருக்கு.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்த கிழமை வழுக்கியாற்றுப் பக்கம் போனவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெள்ளத்தில் செத்த மாடு வயிறு ஊதி, கால் நாலும் வானத்தைப் பார்க்க, அராலிப் பக்கம் மிதந்து போனதைப் பார்த்திருப்பீர்கள். அது கடல்நீரேரியில் போய்த் தாழ்ந்தால், கோடி வருடம் கழித்து வருகிறவன் மாட்டெலும்பை இறாலோடும் நண்டோடும் சேர்த்துத்தான் எடுப்பான். மாடு கடல்வாழ் உயிரினம் என்று எழுதுவானா?

கவச டைனோசர்களில் இது அடிக்கடி நடந்திருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மணல் சுரங்கத்தில் 2011இல் ஒன்று வந்தது, போரியலோபெல்ட்டா என்று 2017இல் பெயர் வைத்தார்கள். தோலும் கவசமும் அப்படியே இருக்கும் அற்புதச் சடலம், ஆனால் கிடைத்தது கடற்படிவில். செத்து, ஊதி, மிதந்து, கடலடியில் முதுகு கீழாகப் போய்த் தாழ்ந்தது. அரியலூர்ப் பாறையில் அம்மோனைற்று நிறைந்து கிடக்கிறது என்பதால் அங்கே தரைவிலங்கு வர முடியாது என்று சொல்ல ஏலாது.

வர முடியும் என்பதால் வந்தது என்றும் ஆகாது. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது பிடிப்பார்கள்.

ஜூன் 2

கவச டைனோசர்களைப் பற்றிக் கொஞ்சம். முதுகில் தட்டு நிமிர்ந்து நிற்பது ஸ்டெகோசர் குடும்பம். உடம்பு முழுக்க ஆமை மாதிரி எலும்புக் கட்டை பதிந்திருப்பது அங்கிலோசர் குடும்பம். இரண்டையும் சேர்த்துத் தைரியோஃபோரா என்பார்கள். ஒரு பெடியன் பரீட்சையில் "தைரியமானவை என்பதால் இப்பெயர்" என்று எழுதினான். கிரேக்கத்தில் கேடயம் தாங்கி என்று பொருள். தைரியமில்லாதவனுக்குத்தான் கேடயம் வேண்டும் என்று சொல்லி அரைப்புள்ளி கொடுத்தேன்.

இந்தத் தட்டும் கட்டையும் விலா எலும்பு மாதிரி உடம்புக்குள் இருக்கும் எலும்பு அல்ல, தோலுக்குள் வளர்வது. தோலெலும்பு என்று வைத்துக்கொள்வோம். முதலையின் முதுகில் இருக்கிறதே, அதே சாமான். செத்தபின் தோல் உக்கினால் இவை உதிர்ந்து சிதறிவிடும். எது எவருடைய உடம்பிலிருந்து உதிர்ந்தது என்பதுதான் வில்லங்கம்.

இதற்குத் திராவிடோசாரசை விட நல்ல உதாரணம் ஜபல்பூரில் இருக்கிறது. லமேட்டாசாரஸ். பாரா சிம்லாக் குன்றில் மாட்லி என்ற ஆங்கிலேயர் தோண்டி எடுத்தார். இடுப்பெலும்பு, முழங்காலுக்குக் கீழெலும்பு, அதோடு நிறையத் தோலெலும்புக் கட்டைகள். 1923இல் "கவச டைனோசர்" என்று அறிவித்தார். கவசம் கையில் இருக்கிறது, வேறு என்ன சொல்வது? 1935இல் சக்கரவர்த்தி என்ற இந்தியர் இது உண்மையிலேயே கவச டைனோசர்தானா என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். அவர் சந்தேகப்பட்டது சரி. இடுப்பும் காலும் இறைச்சி தின்னும் ஏபெலிசோர் வகையினுடையவை. கட்டைகள் மலைபோன்ற தாவரந்தின்னி ஒன்றினுடையவை. புலியின் காலையும் மாட்டின் கொம்பையும் ஒட்டி ஒரு விலங்கு செய்ததுபோல.

சுன்னாகத்து அக்கா இரண்டு வரியில் கேட்டதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு கிழமை பிடித்தது.

ஜூன் 3

நேற்று எழுதியதில் மாட்லியை முட்டாளாக்கியது மாதிரி ஒரு தொனி வந்துவிட்டது. அது நியாயமில்லை.

நெடுங்கழுத்துத் தாவரந்தின்னிகளில் டைட்டனோசர் என்ற பிரிவுக்குத் தோலெலும்பு உண்டு என்று அந்தக் காலத்தில் யாரும் ஏற்கவில்லை. 1896இலேயே மடகஸ்காரில் டெப்பரே என்ற பிரெஞ்சுக்காரர் அப்படி ஒன்றைச் சொன்னார், எடுபடவில்லை. 1980இல் ஆர்ஜென்ரீனாவிலிருந்து சால்ட்டாசாரஸ் வந்தது. உடம்பும் கட்டையும் சேர்ந்தே கிடைத்தன. அதற்குப் பிறகுதான் உலகம் நம்பியது. 1923இல் கவசம் என்றால் கவச டைனோசர்தான். 1979இல் அரியலூரில் பெயர் வைத்தவர்களும் இந்தக் கதவு திறப்பதற்கு ஒரு வருடம் முந்தியவர்கள்.

(இதைக் கொண்டு திராவிடோசாரசின் தட்டுகள் டைட்டனோசர் கட்டைகள் என்று நான் சொல்வதாக யாரும் பரப்ப வேண்டாம். அப்படிச் சொல்லவில்லை.)

ஜூலை 14

ஒரு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. உயர்தரப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள், அதோடு வீட்டுக் கிணற்று நீர்ப்பம்பி எரிந்து போனது. திருத்த வந்தவர் எரிந்தது வயரிங் பிழையால் என்றார். வயரிங் செய்ததும் அவர்தான்.

திருச்சியில் மச்சான் இருக்கிறார், 90இல் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். அவரிடம் அரியலூர் பக்கம் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்த்து வரச் சொன்னேன். போனார். "அத்தான், சுருள் சுருளாய் நத்தைக் கல்லுத்தான் கண்ணுக்கெட்டின மட்டும், உங்கட பிராணியைக் காணேல்லை" என்று குரல்செய்தி. பிராணியின் எலும்பு அங்கே இருக்கும் என்று நானும் சொல்லவில்லை. அந்தப் பெயருக்கு ஆதாரமான தலையோடு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பதிவு எண்ணோடு இருக்கும் பொருள். மச்சானுக்கு இதையெல்லாம் விளக்க முன் அவர் மூன்று பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்ட படம் வந்துவிட்டது.

வரும் வழியில் ஒரு கடைக்காரர் "குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததே, அதைப் பார்த்தீர்களா" என்று கேட்டாராம். அந்தக் கதை எனக்குத் தெரியும். 2020 ஒக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரியில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கல் வந்தது. இரண்டு நாளில் உலகம் முழுக்க டைனோசர் முட்டை. போய்ப் பார்த்தவர்கள் அம்மோனைற்றைச் சுற்றி மண் இறுகித் திரண்ட உருண்டைகள் என்றார்கள். உருண்டை என்றால் முட்டை, தட்டை என்றால் முதுகுத்தட்டு. கண் முதலில் பார்ப்பது வடிவத்தைத்தானே. எனக்குச் சுருள் என்றால் அம்மோனைற்று.

ஆகஸ்ட் 18

திருவிழாக் காலம். நல்லூர் வீதியில் கால் வைக்க இடமில்லை, கச்சான் கடையைத் தாண்டி வரவே அரை மணித்தியாலம். வீட்டுக்கு வந்து கால் வலியோடு எழுதுகிறேன்.

2017இல் வந்த ஒரு கட்டுரையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அரியலூர்ப் பக்கம் கல்லமேடு என்ற இடத்துப் பாறை இன்னும் இளமையானது, டைனோசர் காலத்தின் கடைசி. அங்கே ஒரு எலும்பு கிடைத்து, ஸ்டெகோசர் முதுகுத்தட்டு என்று எண்ணப்பட்டு வந்தது. உண்மையென்றால் உலகத்திலேயே கடைசி ஸ்டெகோசர் அதுதான். 2017இல் அது முதுகுத்தட்டு அல்ல என்று எழுதினார்கள். எழுதியவர்கள் யார்? ஒருவர் கால்ட்டன். மற்றவர் அய்யாசாமி. 1979இல் திராவிடோசாரசுக்குப் பெயர் வைத்த அதே அய்யாசாமி.

இதை நான் இரண்டு தரம் வாசித்தேன். தங்கள் ஊரில் ஸ்டெகோசர் கடைசிவரை இருந்தது என்ற கதைக்கு அந்தத் தட்டு எவ்வளவு பெரிய முண்டு. அதைத் தன் கையாலேயே எடுத்துவிட்டார். நான் ஏழெட்டு வருடம் பிழையாகக் காட்டிய கல்லைப் பற்றி ஒரு பிள்ளைக்காவது தொலைபேசி எடுத்துச் சொன்னேனா?

ஆகஸ்ட் 19

கல்லமேடு என்றதும் இன்னொன்று. திராவிடோசாரசுக்குப் பெயர் வைத்த யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் கடைசியில் அங்கே பெயர் வைத்த இன்னொரு பூதம் புருகத்காயோசாரஸ். பிரகத், காயம்: பேருடலி. முதலில் அதை இறைச்சி தின்னி என்று வகைப்படுத்தினார்கள். பிறகு நெடுங்கழுத்துத் தாவரந்தின்னி என்று ஆனது. அது எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரம் என்று சொன்னவர்களும் உண்டு. சாத்தனூரில் 18 மீற்றர் நீளக் கல்மரம் கிடக்கும் வட்டாரம்தான் அது, அப்படி ஒருவர் நினைப்பதில் ஆச்சரியமில்லை. கிடைத்த எலும்புகள் மழையிலும் ஈரத்திலும் பொடிந்து போய்விட்டன. 2022இல் அய்யாசாமி இன்னொருவரோடு சேர்ந்து பழைய படங்களை வெளியிட்டு, எலும்புதான் என்று காட்டினார். படம் இருக்கிறது, பொருள் இல்லை.

பொருள் இருந்தால் சண்டை பிடிக்கலாம். இல்லாவிட்டால் கதைக்கலாம், அவ்வளவுதான்.

செப்டெம்பர் 8

தம்பியே திரும்ப வந்து கேட்டிருக்கிறார். "சேர், ஒரு பேச்சுக்கு அது ஸ்டெகோசர் என்றே வைப்போம். அதனால் என்ன பெரிய விஷயம்?"

நல்ல கேள்வி, இதை நான் மே மாதமே சொல்லியிருக்க வேண்டும். ஸ்டெகோசர்கள் ஜுராசிக் காலத்துப் பணக்காரர்கள். அதற்கு அடுத்த கிரெற்றேசியஸ் காலத்தின் முற்பகுதியோடு அவர்களின் சுவடு தேய்ந்து போகிறது. சீனாவில் வூயர்ஹோசாரஸ் போலக் கடைசிக் குடும்பத்தவர் சிலர். அரியலூர்க்காரர் ஸ்டெகோசர் என்றால், மற்ற எல்லாரும் போய்க் கோடிக்கணக்கான வருடம் கழித்தும் இங்கே ஒரு கிளை உயிரோடு இருந்திருக்கிறது. அதுவும் எப்போது? இந்தியா மடகஸ்காரை விட்டுப் பிரிந்ததும் ஏறத்தாழ 8 கோடியே 80 இலட்சம் வருடத்துக்கு முன்புதான். உலகத்தில் இருந்து கழன்று தனியே மிதக்கத் தொடங்கிய தீவில் பழைய குடும்பம் ஒன்று மிஞ்சியிருந்தது என்று கதை வடிவாகப் பொருந்தும். இலங்கையும் அப்போது அந்தத் தோணியிலேயே கூட வந்தது.

வடிவாகப் பொருந்துவதுதான் எனக்குச் சந்தேகம். இவ்வளவு பெரிய கதையைத் தூக்க 20 சென்ரிமீற்றர் தலையோடும் உக்கிய இடுப்பெலும்பும் போதுமா? பிளீசியோசர் என்றால் கதையே இல்லை, கடலில் கடற்பிராணி செத்தது, அவ்வளவுதான். ஆட்கள் எதை விரும்புவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? பெயரில் வேறு திராவிடம். நான் மே மாதம் அவ்வளவு கெதியாக "பொய்" என்று எழுதியதும் ஒரு விருப்பம்தான். வாட்ஸ்அப் பெருமையை ஒரு தரம் அடக்க வேண்டும் என்ற விருப்பம்.

இன்றைக்கு என்னைக் கேட்டால், ஸ்டெகோசர் அல்ல என்ற பக்கம் கொஞ்சம் கூடச் சாய்வேன். தலையோட்டுக்கு மட்டும் எனக்குப் பதில் இல்லை.

ஒக்டோபர் 6

கல்லைப் பற்றிக் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். டைனோசரை விட ஊறுகாய்ச் சாடிக்கு வாசகர் கூட. ஒருவர் அது சாளக்கிராமமாக இருக்கலாம் என்கிறார். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் எடுக்கும் சாளக்கிராமங்கள் அம்மோனைற்றுகள்தான், உண்மை. ஆனால் அவை கறுப்பு. எங்களுடையது வெளிறிய மண்ணிறம்.

படம் எடுத்துப் போடுகிறேன் என்று சொல்லி நேற்று மாமியிடம் சாடியைக் கேட்டேன். எண்பத்தொரு வயது, காது நல்லாய்க் கேட்கும்.

"ஏன் தம்பி இப்ப அந்தக் கல்லு?"

"கிணத்துக்குள்ள எடுத்தது எண்டு இணையத்தில எழுதினனான் மாமி, ஆக்கள் படம் கேக்கினம்."

"ஆர் சொன்னது கிணத்துக்குள்ள எடுத்தது எண்டு?"

"அப்பாதான்."

"கொப்பருக்கு என்ன தெரியும், அவர் அப்ப தவழுற பிள்ளை. ஐயா திருச்சிக்குப் போட்டு வரேக்கை கொண்டு வந்த கல்லு அது. தனுஷ்கோடியால கப்பல் ஓடின காலம். பெட்டிக்குள்ள வேட்டியாலை சுத்திக் கொண்டு வந்தவர். அம்மா ஒரு கிழமை பேசினவ, ஆரும் கல்லுக் காவிக்கொண்டு வருவினமோ எண்டு."

நான் குசினிக் கதவோடு அப்படியே நின்றேன். தலைமன்னார், தனுஷ்கோடிக் கப்பல் 1964 புயலோடு நின்றது. அதற்கு முந்தி அப்பப்பா திருச்சிக்குப் போனது உண்மை, கோயில் பார்க்கப் போன கதை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். திருச்சியிலிருந்து அரியலூர் எவ்வளவு தூரம்? மச்சான் பரோட்டாவும் சாப்பிட்டுவிட்டு ஒரு நாளில் போய் வந்த தூரம்.

ஆனால் அப்பா, தான் கிணறு வெட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்ததாகவே சொல்வார். வெடிச் சத்தம் கூட ஞாபகம் இருக்கிறது என்பார். அவர் இப்போது இல்லை.

ஒக்டோபர் 7

ஆக: கிணற்றுக் கல் என்றால் அது நத்தை, மயோசீன். திருச்சிக் கல் என்றால் அது அம்மோனைற்றாகவே இருக்கலாம், நான் பிள்ளைகளுக்குச் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஏழெட்டு வருடம் சரியாகச் சொல்லி, பிறகு பதினைந்து வருடம் வெட்கப்பட்டிருக்கிறேனோ தெரியாது.

வெட்டிப் பார்த்தால் தெரியும். அம்மோனைற்றின் உள்ளே குறுக்குச் சுவர் இருக்கும், அறை அறையாக. நத்தைக்கு அந்த அறைச் சுவர் வராது. கல் வெட்டும் வாளுக்கு ஐந்து நிமிட வேலை. தாவடியில் மாபிள் வெட்டும் ஒருவரைத் தெரியும், கேட்டேன், "கொண்டு வாங்கோ சேர், காசு வேண்டாம்" என்றார்.

மாமியிடம் சொன்னேன். "ஐயா கொண்டு வந்த கல்லை வெட்டுறதோ" என்று ஒரு கேள்விதான். அதற்கு மேலே கதை இல்லை.

நவம்பர் 26

இரண்டு நாளாக மழை. வகுப்பு இல்லை, ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். கிணறு கட்டு மட்டத்துக்கு வந்துவிட்டது, வாளியைக் கையால் எட்டிக் கோலலாம்.

மாமியோடு ஒரு சமரசம் நடந்திருக்கிறது. வெட்டுவதில்லை. அடிப்பக்கத்தில் உடைந்த ஓரம் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் மட்டத்தாளால் தேய்த்துப் பார்க்கலாம், ஆனால் சாடியில் இருக்கும் தேசிக்காய் ஊறுகாய் முடிந்த பிறகு. சாடியைப் பார்த்தேன். அரைவாசிக்கு மேலே இருக்கிறது. வீட்டில் நாலு பேர். இன்று மதியத்திலிருந்து நான் சோற்றுக்கு இரண்டு துண்டு கூடப் போட்டுக்கொள்கிறேன்.